கழற்றத் தெரியாதவனுக்கு மாட்டிவிட என்ன உரிமை?



இந்த வாரம் பழைய நினைவு எதுவும் எழுதப்போவதில்லை. ஒரு சண்டை போடப்போகிறேன். சின்ன விஷயத்துக்காகத்தான். ஒரு கேமராவின் வாயில் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் அடம் பிடித்த ஒரு வளையம். "பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்காமல் இதெல்லாம் உமக்கு எதற்கு?" என்று நடைப்பயிற்சி நண்பர்கள் கேட்பார்கள். இந்த வளையத்தில் சிக்கியிருந்தது ஒரு பையனின் பிழைப்பு. ஊரெங்கும் வளர்ந்துவரும் ஒரு கெட்ட பழக்கமும் அதே வளையத்தில்தான் தெரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

கெட்ட பழக்கம் இதுதான். ஒரு பொருள் சிக்கிக்கொண்டால் ஏன் சிக்கியது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு கூட்டம் "மாத்திடுங்க" என்கிறது, இன்னொரு கூட்டம் "அடிச்சா வரும்" என்கிறது. முதல் கூட்டம் கடையில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிறது, இரண்டாவது தெருவில் நிற்கிறது. பொருளைப் பார்க்கச் சோம்பல்படுவதில் இரண்டும் ஒன்றுதான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் எதிர் வீட்டுப் பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் காதுகுத்து, சீமந்தம், மஞ்சள் நீராட்டு என்று போட்டோ எடுக்கிறான். பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பதினாலாயிரம் ரூபாய்க்கு இரண்டாம் கையாக வாங்கினான். புது லென்ஸ் வாங்க வசதியில்லை. அதனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய, மரை போட்ட லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தான். அந்த லென்ஸை இந்த உடம்பில் பொருத்த நடுவில் ஒரு வளையம் வேண்டும். அதற்குப் பெயர் அடாப்டர். நானூற்றைம்பது ரூபாய், பெயர் ஊர் இல்லாத சரக்கு. மாட்டினான், படமும் நன்றாக வந்தது. பழைய கண்ணாடிக்கு உள்ள மென்மை இன்றைய லென்ஸ்களில் இல்லை என்று அவன் சொன்னபோது எனக்கும் சந்தோஷம்.

ஒரு நாள் லென்ஸைத் திருகிக் கழற்றினான். லென்ஸ் கையோடு வந்தது, வளையம் உடம்பிலேயே தங்கிவிட்டது. பட்டனை அழுத்தினாலும் நகம் போட்டுத் திருப்பினாலும் அசையவில்லை. வளையம் வராவிட்டால் அந்த உடம்பில் மரை லென்ஸைத் தவிர வேறு எந்த லென்ஸும் ஏறாது. அடுத்த ஞாயிறு ஒரு சீமந்தம், அட்வான்ஸ் கைநீட்டி வாங்கியாயிற்று.

சென்னையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனான். பெயர் வேண்டாம். அங்கே இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மவுண்ட்டோட மாத்தணும், ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும், மூன்று வாரம் ஆகும். இதுக்குப் பதிலா புது பாடி பாருங்க, எக்ஸ்சேஞ்ச் போட்டுத் தரோம்" என்றார்களாம். பதினாலாயிரம் ரூபாய்க் கேமராவுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு! அந்த இரண்டு நிமிடத்தில் எந்தப் பக்கம் திருப்பினால் கழலும், பூட்டு எங்கே இருக்கிறது, எது தடுக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமலே விலை சொன்னார்கள். என் கோபம் அதன்மேல்தான்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சின்ன வகுப்புகளில் எங்களுக்கு 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் இருந்தது. பொருள்களின் பாடம் என்று சொல்லலாம். வாத்தியார் ஒரு மண்ணெண்ணெய் விளக்கையோ, பூட்டையோ, தராசையோ மேசைமேல் வைப்பார். நாங்கள் பார்க்க வேண்டும், பாகங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும், எது எதைத் தாங்குகிறது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கையால் தொடலாம். பிரெஞ்சு இலக்கணத்தில் பாதி மறந்துவிட்டது, இந்த ஒழுங்கு மட்டும் மறக்கவில்லை. பார், பெயர் சொல், பிறகு தொடு.

அந்த ஒழுங்குப்படி இந்த வளையத்தைப் பார்ப்போம். வாசகர்களில் பலர் பிலிம் காலத்தவர்கள், உங்களுக்குப் புரியும்.

ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து பிலிம் வரைக்கும் (இன்று பிலிமுக்குப் பதில் சென்சார்) ஒரு நிச்சயமான தூரம் உண்டு. பழைய 42 மில்லிமீட்டர் மரை லென்ஸ்களுக்கு அது 45.46 மி.மீ. டிரெஸ்டன் நகரில் உருவாகி 1949-இல் வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவில் இந்த மரை இருந்தது. பிறகு பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனித், யாஷிகா என்று பலரும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஒருவர் லென்ஸ் இன்னொருவர் கேமராவில் ஏறும். யாரும் யாரையும் அடைத்துவைக்காத காலம் அது.

பிறகு அவரவர் வழி. 1959-இல் வந்த நிக்கான் எஃப் அமைப்பில் இந்தத் தூரம் 46.5 மி.மீ. 1975-இல் வந்த பென்டாக்ஸ் கே அமைப்பில் அதே பழைய 45.46. 1987-இல் வந்த கேனான் இ.எஃப் அமைப்பில் 44 மி.மீ. இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேனானில் மரை லென்ஸைப் பொருத்தும் வளையத்துக்குக் கிடைக்கும் தடிமன் 45.46-இல் 44 போக 1.46 மி.மீ. ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. விரல் பிடிக்க அதில் இடம் ஏது? பென்டாக்ஸில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு தூரமும் ஒன்றே என்பதால் வளையம் முழுவதும் கேமராவின் வாய்க்கு உள்ளேயே அடங்கிவிடும். நிக்கானில் தூரம் அதிகம் என்பதால், நடுவில் கண்ணாடி வைக்காத வளையம் போட்டால் தொலைதூரக் காட்சி தெளிவாக விழாது.

ஆக, இந்த வளையங்கள் கழற்றக் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் சாமி குத்தமில்லை, வெறும் கழித்தல் கணக்கு. மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். மெல்லியதைக் கழற்ற வழியும் சேர்த்தே வைக்க வேண்டும். பென்டாக்ஸ் நிறுவனம் தானே செய்த வளையத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு வைத்தது. அந்த வளையத்துக்குக் கேமராவின் லென்ஸ் பட்டன் உதவாது. தகட்டை நகத்தாலோ பேனா முனையாலோ உள்பக்கமாக அழுத்திக்கொண்டு திருப்பினால் வந்துவிடும். இது தெரியாமல் பட்டனையே அழுத்தி அழுத்திக் கேமராவைத் திட்டியவர்கள் உலகம் முழுக்க உண்டு. கேமராவும் வளையமும் சரியாகவே இருக்க, இந்த ஒரு வரியை வாங்கியவரிடம் யாரும் சொல்லாததுதான் கோளாறு.

திசையும் அப்படித்தான். கேமராவை முன்னால் நின்று பார்த்தால், கேனானிலும் பென்டாக்ஸிலும் கழற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. நிக்கானில் கடிகார முள் போகும் திசை, அதாவது நேர் எதிர். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டே "வரமாட்டேங்குது" என்று சொல்லும்.

சரி, பையனின் வளையம் என்ன ஆயிற்று? எங்கள் தெருக்கோடியில் காக்களூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லேத்தில் நின்று ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர் இருக்கிறார். கேமராவைத் தொட்டதே இல்லை என்றார். ஆனால் அவர் செய்த முதல் காரியத்தைப் பாருங்கள். கையைக் கழுவித் துடைத்தார். "தம்பி, பேட்டரியை எடுத்துடு" என்றார். என் பூதக்கண்ணாடியை வாங்கி ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு, "சார், இந்த ஓட்டையோட ஓரத்துல பிசிறு இருக்கு. பூட்டு முள் முழுசா உள்ள போகமாட்டேங்குது. அவ்வளவுதான்" என்றார்.

அடாப்டரைப் பூட்டிவைப்பது கேமராவின் முகத்தில் இருக்கும் ஒரு சின்ன முள். அது வளையத்தின் ஓட்டைக்குள் நுழைந்து நிற்கும், பட்டனை அழுத்தினால் உள்ளே போகும். மலிவு வளையத்தில் ஓட்டையைத் துளைத்துவிட்டுப் பிசிறை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். நாம் கழற்றும் திசையில் பலமாகத் திருப்பத் திருப்ப, முள்ளின் பக்கவாட்டில் அழுத்தம் ஏறி அது இன்னும் இறுகுகிறது. பலம்தான் அதை மாட்டவைக்கிறது.

அவர் செய்தது எல்லாம் எதிர்மாறு. கேமராவின் முகத்தைத் தரை பார்க்கச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார், உலோகத் தூள் உதிர்ந்தால் உள்ளே விழக்கூடாதே. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, கழுவிக் காயவைத்து, வளையத்தின்மேல் வைத்து இரண்டு விரலால் அழுத்தினார். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு முடியளவு திருப்பினார், அதில் முள்ளின்மேல் இருந்த பாரம் போனது. பையன் பட்டனை அழுத்திப் பிடித்தான். ஓட்டை வழியாக முள்ளை மூங்கில் பல்குச்சியின் முனையால் மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே இப்போது கழற்றும் பக்கம் திருப்பினார். வந்துவிட்டது. மொத்தம் கால் மணி நேரம். பிறகு வளையத்தின் பிசிறை அரத்தால் நாலு இழுப்பு இழுத்துச் சரிசெய்து கொடுத்தார். கூலி கேட்டதற்கு ஒரு காபி போதும் என்றார்.

நான் நாற்பது வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவன். நகராத பைலை இழுத்துப் பயனில்லை என்று எங்களுக்குத் தெரியும். எந்த மேசையில், எந்தக் குறிப்புக்காக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு குறிப்பை எழுதினால் பைல் தானாகப் போகும். மேலதிகாரியைக் கொண்டு இழுத்தால் இன்னும் இரண்டு ஆட்சேபணை சேர்ந்துகொண்டு வரும். பூட்டு முள்ளும் ஆட்சேபணைக் குறிப்பும் ஒரே ஜாதி.

இப்போது எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. "கேமரா நுட்பமான பொருள். கண்டவரும் கைவைத்தால் கெட்டுப்போகும்" என்பார்கள். உண்மை. உடம்பின் மவுண்ட்டைச் சின்னச் சின்னத் திருகுகள் பிடித்திருக்கும். அதன் அடியில் மயிரிழைத் தகடுகள் வைத்து, நான் மேலே சொன்ன தூரத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் சரிசெய்திருப்பார்கள். ஒரு தகடு இடம் மாறினால் படம் ஒரு பக்கம் தெளிவு, ஒரு பக்கம் மங்கல். ஜப்பான் கேமராக்களின் நட்சத்திரத் திருகுக்கு நம் கடைத் திருப்புளி சரியாக உட்காராது, தலை வழுக்கிப் போகும். அதற்கென்று ஜப்பான் அளவுத் திருப்புளி வேண்டும். இறுக்கம் தளர எண்ணெய் அடிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது வழிந்து ஷட்டருக்கும் சென்சாருக்கும் போனால் கேமராவுக்குக் காரியம் செய்ய வேண்டியதுதான். குறடு போட்டு முறுக்கினால் கண்ணாடியில் கீறல் விழும். "அடிச்சா வரும்" கோஷ்டிக்கு இதுதான் பதில்.

ஆனால் நுட்பமான பொருள் என்பதால்தானே விவரம் வேண்டும்? இந்த வாதம் கடைக்காரரின் பக்கம் சாயவில்லை, அவருக்கு எதிராகத்தான் போகிறது. நுட்பம் தெரிந்தவர் என்றுதான் அவரிடம் போகிறோம். மவுண்ட்டைப் பிரிப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் பட்டன், திசை, முள், பிசிறு என்று நாலு படி இருக்கிறது. அந்த நாலையும் தாண்டிக் குதித்து ஐந்தாவதுக்கு விலை சொல்பவரை நிபுணர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"ஐம்பது வருட லென்ஸைக் கட்டிக்கொண்டு அழுதால் இப்படித்தான்" என்று இன்னொரு வாதம். அந்த லென்ஸ் இன்றும் படம் எடுக்கிறதே! ஐம்பது வருடம் உழைத்த பொருள் சிக்கவில்லை, போன வருடம் செய்த வளையம்தான் சிக்கியது. குற்றவாளிக் கூண்டில் யாரை ஏற்றுகிறீர்கள்?

இது நம் ஊர்க் கடைகளோடு நிற்கிற வியாதியும் இல்லை. 2012-இல் அமெரிக்காவில் நிக்கான் நிறுவனம் தனியார் ரிப்பேர் கடைகளுக்கு உதிரிபாகம் விற்பதை நிறுத்தியது. தன் அங்கீகாரம் பெற்ற சில கடைகளுக்கு மட்டும் கொடுத்தது. 2020-இல் அந்தக் கடைகளின் அங்கீகாரத்தையும் முடித்துக்கொண்டது. பொருள் உங்களுடையது, அதன் சாவி எங்களுடையது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள்?

போட்டோ எடுக்கும் வித்தை இப்படியா பிறந்தது? 1839 ஆகஸ்ட் 19-ஆம் தேதி பாரிஸில் தாகேரின் முறையை அராகோ என்ற விஞ்ஞானி அறிஞர் சபையில் விளக்கமாகச் சொன்னார். தாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், அவருடைய மறைந்த கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் ஆயுள் பென்ஷனாகக் கொடுத்து, பிரெஞ்சு அரசாங்கம் அந்த ரகசியத்தை வாங்கி உலகத்துக்கு வெளியிட்டது. (இங்கிலாந்தில் மட்டும் தாகேர் முந்திக்கொண்டு பேட்டன்ட் எடுத்துவிட்டார் என்பது தனிக் கதை.) பென்ஷனுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரிந்து இல்லை! அப்படித் திறந்த கையோடு வந்த கலைக்கு இன்று இந்தப் பூட்டு.

அதே பிரான்சில் 2015-இல், வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்துப் பொருள் செய்வதைக் குற்றமாக்கினார்கள். இரண்டு வருடச் சிறை, மூன்று லட்சம் யூரோ அபராதம் வரை போகலாம். 2021 ஜனவரி 1 முதல் செல்போன், மடிக்கணினி, டிவி, வாஷிங் மெஷின், புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றின்மேல் பத்துக்கு இத்தனை என்று ரிப்பேர் மதிப்பெண் ஒட்ட வேண்டும் என்றார்கள். பிரித்தெடுக்கச் சுலபமா, உதிரிபாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன, விவரக் குறிப்பு கொடுக்கிறார்களா என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் சேரும். கேமரா அந்த ஐந்தில் இல்லை என்பது என் வருத்தம்.

நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நாலு துறை. 2024-இல் ரிப்பேர் மதிப்பெண்ணுக்காக இன்னொரு குழு. நல்லதுதான். ஆனால் நான் குமாஸ்தா, எனக்கு வித்தியாசம் தெரியும். குழு வேறு, இணையதளம் வேறு, மீறினால் தண்டனை உண்டு என்று எழுதிய சட்டம் வேறு. மூன்றாவதுதான் நமக்கு வேண்டும்.

நம் பகுதியையே பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், காக்களூர், கும்மிடிப்பூண்டி என்று சுற்றிலும் தொழிற்சாலை. விடியற்காலையில் மணவாள நகர் வழியாகக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. ஒவ்வொரு பஸ்ஸிலும் நம் பிள்ளைகள். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை ஒரே திருகை மாட்டத் தெரிந்த பிள்ளைகள். கழற்றச் சொல்லி யாராவது அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்களா? எங்கள் டர்னர் கற்ற காலத்தில், ஐ.டி.ஐ.யில் ஓர் இயந்திரத்தை முழுக்கப் பிரித்துப்போட்டு மறுபடி கூட்டச் சொல்வார்களாம். கூட்டத் தெரிந்தவன் கூலி வாங்குவான், பிரிக்கத் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது. இந்தப் பகுதியில் நாம் இழந்துகொண்டிருப்பது இரண்டாவது வகை ஆளைத்தான். அவர் போல் ஓய்வுபெற்ற டர்னர்களும் பிட்டர்களும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை நாலு பையன்களை உட்காரவைத்து ஒரு பூட்டையோ மிக்சியையோ பிரித்துக் காட்டினால் போதும். பள்ளிக்கூடமே தேவையில்லை, ஒரு திண்ணை போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேமரா வளையமோ, பிரஷர் குக்கரோ, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரமோ, எதை வாங்கப் போனாலும் கடைக்காரர் மாட்டிக் காட்டுவார், ஓட்டிக் காட்டுவார். அதில் மயங்க வேண்டாம். "இதைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கழற்றிக் காட்டினால் காசை எண்ணிக் கொடுங்கள். விழித்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். நமக்கு வயதாகிவிட்டது, அவசரமில்லை. நாலு கடை ஏறி இறங்கலாம்.